துரை வீட்டுக்கு நான் வைத்த சமாதி

இதை எழுதுவது நான் இல்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். மூன்றாம் வகுப்பில் இரண்டு வருஷம் உட்கார்ந்தேன். மூன்றாவது வருஷமும் உட்கார்ந்தால் பெஞ்சு தேய்ந்துவிடும் என்று வாத்தியாரே வீட்டுக்கு அனுப்பிவிட்டார். என் பேச்சை அப்படியே எழுதினால் படிக்கிறவர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள் என்று மகள் அதைப் புத்தகத் தமிழாக மாற்றிக்கொண்டே வருகிறாள். ஆகவே இதில் எழுத்துப்பிழை இருந்தால் அவளுடையது. பொய் இருந்தால் என்னுடையது.

பொய்யைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகிற பஸ்ஸில் ஏறி, பாதி வழியில் இறங்கி, ஒரு மாந்தோப்புக்குள் நடந்தால் துரை வீடு வரும். வெள்ளைக்காரன் காலத்துப் பண்ணை வீடு. ஓட்டுக் கூரை, தேக்குத் தூண்கள், முன்னால் ஒரு நீள வராந்தா. சுவர் எவ்வளவு தடிமன் என்றால், ஜன்னலில் உட்கார்ந்து நான் முழு இலை போட்டுச் சாப்பிடலாம். பின்பக்கம் மூன்று செங்கல் தொட்டிகள், படிக்கட்டு மாதிரி ஒன்றுக்குக் கீழே ஒன்றாக. வெள்ளைக்காரனுக்குப் பிறகு ஒரு குடும்பம் வாங்கியது. அவர்கள் கொஞ்ச காலம் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை அடுக்கினார்கள். பிறகு யாரும் எதையும் அடுக்கவில்லை. பக்கத்து ஊர்க்காரனான என்னை வாட்ச்மேனாக வைத்தார்கள். பெயர் வாட்ச்மேன், வாட்ச் பண்ணியது நாலு மாடுகளை. கல்யாணம் ஆன கையோடு நானும் மனைவியும் வந்து பின்கட்டு அறையில் குடியேறினோம். மகள் பிறந்தது அங்கேதான். இன்னும் அங்கேதான் இருக்கிறோம்.

இப்போது வீட்டுக்குச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர். அக்கா, தம்பி. அக்கா புதுச்சேரியில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் அம்மா என்போம். தம்பி சென்னையில் இருக்கிறார், அவர் சார். சாருக்கு வீட்டை இடித்துவிட்டு மனை போட்டு விற்க ஆசை. அம்மாவுக்கு வீடு நிற்க வேண்டும். இடித்தால் எங்களுக்குப் போக இடம் கிடையாது. இந்தச் சண்டை பல வருஷமாக நடக்கிறது. இத்தனை நாள் வீடு நின்றதற்குக் காரணம் அம்மாவும் இல்லை, சாரும் இல்லை. நான் வைத்த ஒரு கல்.

அந்தக் கதை இப்படி. நான் வந்த புதிதில் தொட்டிக்குக் கீழே, புல்லுக்குள், தரையில் ஒரு பொத்தல் இருந்தது. ஒரு நாள் கன்றுக்குட்டியின் கால் உள்ளே போய் மாட்டிக்கொண்டது. காலை எடுத்துவிட்டு, பக்கத்தில் கிடந்த ஒரு சதுரக் கல்லை உருட்டிப் பொத்தலை மூடினேன். ஊர்ப் பையன்கள் சீட்டாட உட்காருவதற்கு அந்தக் கல்லைத் தோப்புக்கு உருட்டிக்கொண்டு போனார்கள். நான் திரும்ப உருட்டி வந்தேன். மறுபடியும் உருட்டினார்கள். எனக்கு இடுப்பு விட்டுப்போனது. சுவரில் ஒண்ணுக்குப் போகிறவனை நிறுத்த நம் ஆட்கள் என்ன செய்வார்கள்? சாமி படம் ஒட்டுவார்கள். நானும் அதையே செய்தேன். கல்லில் மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம் வைத்தேன். அவ்வளவுதான். அதற்குப் பிறகு எவனும் தொடவில்லை.

ஆனால் அடுத்த வாரம் அதன்மேல் ஒரு எலுமிச்சம்பழம் இருந்தது. நான் வைக்கவில்லை. அதற்கடுத்த வாரம் செவ்வரளி மாலை. மல்லாட்டை பிடுங்க வந்த ஒரு பொம்பளை என்னைக் கேட்டாள்.

"இது இன்னா சாமிண்ணா?"

நான் யோசிக்காமல், "துரை சமாதிம்மா. ரொம்பத் துடியான ஆளு," என்றேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றைக்குக் கேட்டாலும் தெரியாது. வாய் திறந்திருந்தது, வந்துவிட்டது. துரைக்கு என்ன படைக்கிறது என்று கேட்டார்கள். சுருட்டும் பிராந்தியும் என்றேன். இதை ஏன் சொன்னேன் என்று மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். ஆடி மாசம் முழுக்க துரைக்கு வந்த பிராந்தியை நான்தான் தீர்த்து வைப்பேன்.

"சாமிக்கு ஊத்துனது உன் வாய்ல ஏன்யா நாறுது?" என்பாள் மனைவி.

"பிரசாதம்மே."

சமாதி வந்தபிறகு சரித்திரமும் வளர்ந்தது. தோப்பைப் பார்க்க வருகிறவர்களிடம் துரையின் கதையைச் சொல்ல ஆரம்பித்தேன். புதுச்சேரியிலிருந்து வந்தவர்களிடம் துரை பிரெஞ்சுக்காரர். விழுப்புரத்திலிருந்து வந்தவர்களிடம் இங்கிலீஷ்காரர். கோட்டக்குப்பத்திலிருந்து ஒரு பாய் குடும்பத்தோடு வந்தார். அவரிடம் துரைக்கு அரபிக் குதிரை இருந்தது என்றேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம். குதிரைக்குப் பெயர் வைத்தேன். துரைக்குச் சம்சாரம் வைத்தேன். ஒரு நாயும் வைத்தேன். மனை போடுகிற ஆட்கள் மூன்று தடவை வந்தார்கள். மூன்று தடவையும் கல்லைப் பார்த்து, "சமாதி இருக்கிற எடத்த எவன் வாங்குவான்?" என்று திரும்பிப் போனார்கள். படிக்காத முட்டாள் ஒருவன் மஞ்சள் பூசி வைத்த கல் ஒரு மாளிகையைக் காத்தது. எனக்கே என்மேல் மரியாதை வந்துவிட்டது.

பிறகுதான் மேடம் வந்தார்.

பழைய கட்டடங்களைச் சோதித்துச் செப்பனிடுகிற இன்ஜினியர். அம்மாதான் புதுச்சேரியிலிருந்து அழைத்து வந்தார். அக்காவும் தம்பியும் ஒரு முடிவுக்கு வந்திருந்தார்கள். மேடம் பார்த்து ரிப்போர்ட் எழுதுவார். வீட்டில் ஏதாவது விசேஷம் இருக்கிறது என்று ரிப்போர்ட் சொன்னால் வீடு நிற்கும். ஒன்றும் இல்லையென்றால் விற்றுவிடலாம். இதை அம்மா என்னிடம் வராந்தாவில் வைத்துச் சொன்னார். சொல்லிவிட்டு, "நீதான் இத்தன வருஷமா இருக்கிற. உனக்குத் தெரிஞ்சதெல்லாம் அவங்ககிட்ட சொல்லு," என்றார்.

எனக்குத் தெரிந்ததெல்லாம் நானே செய்தது.

மேடத்துக்கு என் மகளைவிட நாலைந்து வயசுதான் கூட இருக்கும். ஷூவைக் கழற்றிவிட்டு வீடு முழுக்க நடந்தார். சுவரைத் தட்டினார். சுண்ணாம்பைச் சுரண்டி உள்ளங்கையில் வைத்து முகர்ந்தார். கடைசியில் ஷூவை மறுபடியும் மாட்டிக்கொண்டு பின்பக்கம் வந்து தொட்டிகளுக்கு முன்னால் நின்றார்.

"இதெல்லாம் எதுக்குண்ணா?"

"நீச்சல் குளம் மேடம். மேல் தொட்டியில துரை குளிப்பாரு. நடுவுல அவரு சம்சாரம். கீழ நாயி."

அவர் சிரிக்கவில்லை. மேல் தொட்டியின் அடியில் இருந்த ஓட்டையில் கையை விட்டார். நடுத் தொட்டிப் பக்கமாக விரல் வெளியே வந்தது.

"அப்ப துரை குளிச்ச தண்ணியிலதான் அவங்க குளிச்சாங்களா?"

"சிக்கனமான ஆளு மேடம்."

இப்போது சிரித்தார். "அண்ணா, அவுரி தெரியுமா?"

அவுரி தெரியுமாவா? இன்றைக்கும் இந்தப் பக்கத்தில் அவுரி போடுகிறார்கள். நானே கூலிக்கு அறுக்கப் போயிருக்கிறேன். அறுத்த செடியை மேல் தொட்டியில் ஊறப்போட்டு, தண்ணீரைக் கீழ்த் தொட்டியில் இறக்கி, அடி அடியென்று அடித்தால் நீலச் சாயம் பிரியும். அது என் கண்ணால் பார்த்த வேலை. பார்த்துவிட்டு, கூலி வாங்கிக்கொண்டு, அதே மாதிரி மூன்று தொட்டி இருக்கிற வீட்டுக்கு வந்து, அதில் மாட்டுக்குத் தண்ணீர் காட்டியிருக்கிறேன். ஒரு நாளாவது மூளையில் பல்பு எரிந்திருக்க வேண்டாமா? அங்கே சிமெண்ட் தொட்டி, இங்கே செங்கல் தொட்டி. என் மூளைக்கு அதுவே போதும், வேறு வேறு என்று சொல்ல.

மேடம் டேப்பை எடுத்து, மூன்றாவது தொட்டியின் அடிவாயிலிருந்து பிடித்துக்கொண்டே நடந்தார். "கழிவுத் தண்ணி போறதுக்குத் தரைக்கு அடியில ஒரு வாய்க்கால் இருந்தாகணும். அது மட்டும் கெடச்சா, வீடு, தொட்டி, வாய்க்கால் எல்லாம் ஒரே செட்டுன்னு ஆயிடும். இது வெறும் பழைய பங்களா இல்ல, அவுரிப் பண்ணைன்னு ரிப்போர்ட்ல உறுதியா எழுதுவேன்," என்றார். நடந்து வந்தவர் கல்லில் முட்டிக்கொண்டு நின்றார்.

"இது என்னண்ணா?"

நான் வாய் திறப்பதற்குள், மாட்டுக்குத் தவிடு கலக்கிக்கொண்டிருந்த என் மனைவி கையை உதறிக்கொண்டு ஓடி வந்தாள்.

"செருப்போட நிக்காதீங்கம்மா. துரை சமாதி."

மேடம் என்னைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தார். நான் மாட்டைப் பார்த்தேன்.

ஞாயிற்றுக்கிழமை கல்லைத் தூக்கிப் பார்ப்பது என்று முடிவானது. அந்த நாலு நாளும் எனக்கு இருந்த குழப்பம் என் எதிரிக்கும் வரக்கூடாது. கல்லைத் தூக்கினால் அடியில் சமாதி இல்லையென்று ஊருக்கே தெரிந்துவிடும். மனைக்காரனுக்கு இருந்த ஒரே பயம் போய்விடும். தூக்காவிட்டால் வாய்க்கால் கிடைக்காது, ரிப்போர்ட் கிடைக்காது, வீடு போய்விடும். தூக்கியும் வாய்க்கால் இல்லையென்றால் இரண்டும் போய்விடும். பொய் சொன்னால் வீடு நிற்குமா, உண்மை சொன்னால் நிற்குமா? இத்தனை வருஷம் பொய்தான் நின்று காத்தது. அதைத் திடீரென்று வேலையை விட்டு நிறுத்துவதா?

இதற்கெல்லாம் மேலே இன்னொன்று. அந்தப் பொத்தலுக்குள் நான் அன்றைக்கு என்ன பார்த்தேன் என்பதே எனக்கு ஞாபகம் இல்லை. கன்றுக்குட்டியின் கால் ஞாபகம் இருக்கிறது. கல் ஞாபகம் இருக்கிறது. உள்ளே செங்கல்லா, மண்ணா? வருஷா வருஷம் கற்பூரம் காட்டிக் காட்டி, உள்ளே நிஜமாகவே ஒரு வெள்ளைக்காரர் படுத்திருப்பார் போல எனக்கே தோன்ற ஆரம்பித்திருந்தது. நான் கட்டிய பேய்க்கு நானே பயந்தேன்.

மூன்றாம் நாள் பால் கறக்கும்போது, மனைவி மாட்டிடம் சொல்வது மாதிரி சொன்னாள்.

"கல்ல எவனாவது தொட்டான்னா நான் எங்கம்மா ஊட்டுக்குப் போயிடுவேன்."

"உங்கம்மா செத்துப் பல வருஷம் ஆவுது. ஊடும் உன் தம்பி வித்துட்டான்."

"அப்ப நீ போ."

ஞாயிற்றுக்கிழமை காலை அம்மாவும் மேடமும் வந்தார்கள். பின்னாலேயே சாரும் காரில் வந்தார், கூடவே மனை போடுகிறவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு. வெள்ளைச் சட்டை, இரண்டு மணிக்கட்டிலும் கயிறு. அவர் காரைவிட்டு இறங்கினார், ஆனால் தொட்டிப் பக்கம் வரவில்லை. மாமரத்தடியிலேயே நின்றுகொண்டார்.

"ஜல்தி பாருங்க சார்," என்றார் அங்கிருந்தே. "எனக்கு வளவனூர்ல ஒரு சைட் இருக்குது."

கல்லைத் தூக்க மேடம் இரண்டு ஆட்களுக்குச் சொல்லியிருந்தார். கல்லைப் பார்த்ததும் அவர்கள் கடப்பாரையைக் கீழே வைத்துவிட்டார்கள். "பூசை போடுற எடம்ங்க. எங்களுக்குப் புள்ளக்குட்டி இருக்குது," என்றார்கள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பூசாரி நான்தானே.

கடப்பாரையை எடுத்தேன். கல்லின் அடியில் சொருகினேன், பிறகு உருவினேன். மறுபடியும் சொருகினேன்.

"இன்னாய்யா, பல்லு குத்திக்கினு இருக்கிற?" என்றார் சார்.

நான் கடப்பாரையைப் போட்டுவிட்டேன். அம்மாவைப் பார்த்துச் சொன்னேன். "அம்மா, இந்தக் கல்ல வெச்சது நானு. சமாதி கிமாதி ஒண்ணும் கெடையாது. கன்னுக்குட்டி கால் மாட்டிக்கிச்சு, மூடி வெச்சேன். பசங்க உருட்டிக்கினே இருந்தானுங்கோ, அதான் மஞ்சளு பூசினேன். துரை, குதிரை, சம்சாரம் எல்லாம் நான் வுட்டது."

சார் மாமரத்தடியைத் திரும்பிப் பார்த்தார். அங்கே மனைக்காரர் முதல் தடவையாக இரண்டு அடி முன்னால் வந்தார்.

என் மனைவி வந்து எனக்கு எதிரில் நின்றாள்.

"வெச்சது நீதானா?"

"நான்தான்."

"அப்ப பாப்பாவுக்கு டைபாய்டு வந்தப்ப பதினோரு நாளு நான் சுத்துனது?"

"கல்ல."

"ஜுரம் வுட்டுச்சா இல்லியா?"

"வுட்டுச்சு. ஆஸ்பத்திரில ஊசியும் போட்டோமே."

"ஊசி போட்டது நர்சம்மா. ஜுரத்த எறக்கனது யாரு?"

(இந்த இடத்தில் என் மகள் பேனாவை நிறுத்தி என்னை முறைக்கிறாள். டைபாய்டு வந்த பாப்பா இவள்தான்.)

"வெச்சது நீயி. கும்புட்டது நானு," என்றாள் மனைவி. "நடுவுல நீ எதுக்கு வர்ற? நவுரு."

சேலைத் தலைப்பிலிருந்து கற்பூரத்தை எடுத்துக் கல்லின்மேல் வைத்துக் கொளுத்தினாள். "சாமி, கொஞ்சம் நகந்துக்க. அடியில பாத்துட்டு வெச்சிடறோம்," என்றாள். கற்பூரம் அணைந்தது. பிறகு கடப்பாரையை அவளே எடுத்தாள். வெட்கமாகிவிட்டது. நானும் பிடித்தேன். இரண்டு பேரும் சேர்ந்து நெம்பினோம். கல் புரண்டது.

உள்ளே வெள்ளைக்காரர் இல்லை. வளைவாகக் கட்டிய ஒரு செங்கல் வாய்க்கால் இருந்தது. மேல் வளைவில் ஒரு செங்கல் மட்டும் விழுந்திருந்தது. அதுதான் என் பொத்தல். உள்பூச்சு கோழிமுட்டை ஓடு மாதிரி வழவழவென்று இருந்தது. மேடம் குப்புறப் படுத்துத் தலையை உள்ளே விட்டார். "நீலம்! அண்ணா, பூச்சுல நீலம் தெரியுது பாருங்க," என்றார். நானும் படுத்துப் பார்த்தேன். எனக்குச் சேறுதான் தெரிந்தது. "ஆமா மேடம், நீலம்," என்றேன். பழக்க தோஷம்.

மனைக்காரர் இப்போது கல்லுக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுகொண்டு, "அப்ப சமாதி இல்ல, கிளியர்," என்று சாரிடம் சொன்னார். அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். மேடத்துக்கும் சந்தோஷம். ஒரே பொத்தலைப் பார்த்து இரண்டு கட்சிக்கும் சந்தோஷம் வந்தால், நான் எந்தப் பக்கம் சிரிப்பது?

அம்மா தம்பியிடம் திரும்பினார். "ரிப்போர்ட் வந்தா வீடு நிக்கும்னு நீதான் சொன்ன."

"வீடுன்னுதான் சொன்னேன்க்கா," என்றார் சார். "தோப்புன்னு சொல்லல."

அரைமணி நேரம் பேசினார்கள். வராந்தாவில் மாறி மாறிக் குரல் ஏறியது. கடைசியில் வீடும் தொட்டிகளும் வாய்க்காலும் அக்காவுக்கு. ரோட்டுப் பக்கத்து மாந்தோப்பு தம்பிக்கு. எங்கள் பின்கட்டு அறை தப்பித்தது. வீடு தப்பித்தது. நான் அன்றைக்கு வாயை மூடியிருந்தால் தோப்பும் தப்பித்திருக்குமோ என்னவோ. வாயை மூடியிருந்தால் வீடே போயிருக்குமோ என்னவோ. கணக்குப் போட்டுப் பார்க்க மூன்றாம் வகுப்பு போதவில்லை.

தோப்பில் இப்போது மரம் இல்லை. மஞ்சள் கல்லும் சிவப்புக் கொடியும் நட்டு, நடுவில் சிமெண்ட் ரோடு போட்டிருக்கிறார்கள். வீட்டில் மேடம் ஆட்களை வைத்து வேலை பார்க்கிறார். சுண்ணாம்பை ஊறவைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசுகிறார்கள். நான் எதிலும் சிமெண்ட் வைக்கக் கூடாது என்று கண்டிப்பான உத்தரவு. பல வருஷமாக விரிசலுக்கெல்லாம் சிமெண்ட் அப்பியதும் நான்தான். சிமெண்ட் அப்பிய இடத்தில்தான் சுவர் மூச்சு முட்டி உதிர்கிறதாம். காப்பாற்றுகிறேன் என்று நான் கைவைத்த இடமெல்லாம் கெட்டிருக்கிறது. கெடுக்கிறேன் என்று பயந்த இடத்தில் காப்பாற்றியிருக்கிறேன்.

வீடு இனிமேல் பார்க்க வருகிறவர்களுக்குத் திறந்திருக்கும், சுற்றிக் காட்டுவது நான்தான் என்று அம்மா சொன்னார். ஒரே ஒரு நிபந்தனை: உண்மையை மட்டும் சொல்ல வேண்டும். பேஜாராகிவிட்டது. உண்மை ரொம்பச் சின்னது. வராந்தாவில் ஆரம்பித்தால் தொட்டிக்கு வருவதற்குள் தீர்ந்துவிடுகிறது.

போன மாதம் விழுப்புரத்திலிருந்து ஒரு காலேஜ் பிள்ளைகள் வேனில் வந்தார்கள். நான் ஒழுங்காகச் சொன்னேன். மேல் தொட்டியில் செடி ஊறும், நடுத் தொட்டியில் தண்ணீரை அடிப்பார்கள், கீழ்த் தொட்டியில் நீலம் படியும். பையன்கள் கொட்டாவி விட்டார்கள். குதிரை நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது, கடித்து நிறுத்தினேன்.

அப்போது ஒரு பெண் கேட்டாள். "நடுத் தொட்டியில எறங்கி அடிச்சது யாருண்ணா?"

"ஆளுங்க."

"யாரு ஆளுங்க? எந்த ஊரு?"

நான் வாயைத் திறந்தேன். துரைக்குக் குதிரை கொடுத்திருக்கிறேன், நாய் கொடுத்திருக்கிறேன், சம்சாரத்துக்குத் தனியாகக் குளிக்க இடம்கூடக் கொடுத்திருக்கிறேன். தொட்டிக்குள் இறங்கியவனுக்கு ஒரு பெயர்கூட நான் வைக்கவில்லை. சுற்றுவட்டாரத்தில் இருக்கிற ஊர் எங்கள் ஊர்தான். வேறு யார் இறங்கியிருப்பார்கள்? என் அப்பாவுக்கு அப்பா, அவருக்கு அப்பா? அவர்களைப் பற்றி ஒரு பொய்கூட என்னிடம் இல்லை.

என்ன செய்வதென்று தெரியாமல், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு நடுத் தொட்டிக்குள் இறங்கினேன். பையன்கள் போனை நீட்டினார்கள். உள்சுவரில் தண்ணீர் நின்ற அடையாளம் ஒரு கோடாகத் தெரிந்தது. நேராக நின்றேன். கோடு என் நெஞ்சுக்கு வந்தது.

"இதுவரைக்கும் தண்ணி நின்னிருக்கும்மா," என்றேன். "என்னவிடக் குள்ளமா இருந்திருந்தா கழுத்துவரைக்கும்."

அவள் நோட்டில் எழுதினாள்.

"எழுதாதம்மா. யாரு நின்னாங்கன்னு எனக்குத் தெரியாது. நான் சும்மா எறங்கிப் பாத்தேன்."

"தெரியாதுன்னே எழுதிக்கிறேண்ணா," என்றாள்.

பையன்கள் அடுத்த இடத்துக்குப் போய்விட்டார்கள். நான் இறங்கிய வழியாகவே ஏறப் பார்த்தேன், கால் எட்டவில்லை. அந்தப் பெண்தான் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.